கோலும் கையுமாய் வந்த வழி: கர்த்தரின் உண்மையை நினைவுகூர மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

யாக்கோபின் ஜெபங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஆதியாகமம் 32-ல் இருக்கிறது. மாமன் லாபான் வீட்டில் 20 வருஷம் உழைத்துவிட்டு, மனைவி, பிள்ளைகள், ஆடுமாடுகளோடு ஊர் திரும்புகிறான். வழியில் செய்தி வருகிறது: அண்ணன் ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான். உன்னைக் கொல்லுவேன் என்று முன்பு சொன்ன அதே அண்ணன். யாக்கோபு நடுங்கிப்போகிறான். அந்த நேரத்தில் இப்படி ஜெபிக்கிறான்: "நான் கோலும் கையுமாய் இந்த யோர்தானைக் கடந்துபோனேன், இப்பொழுது இவ்விரண்டு பரிவாரங்களையும் உடையவனானேன்." அடுத்த மூச்சிலேயே, ஏசாவின் கைக்கு என்னைத் தப்புவியும், அவனுக்கு நான் பயந்திருக்கிறேன் என்கிறான்.

நன்றியும் பயமும் ஒரே ஜெபத்தில் நிற்கின்றன. பயம் தெளிந்த பிறகுதான் பழைய தயவுகளை நினைக்க வேண்டும் என்று யாக்கோபு காத்திருக்கவில்லை. கைகால் உதறும்போதே நினைக்கிறான், நினைத்துக்கொண்டே கேட்கிறான். இந்த வழிகாட்டி முழுவதும் இதைச் சொல்லத்தான். கர்த்தர் நடத்தியதை நினைப்பது நல்ல நாட்களுக்கு வைத்த அலங்காரம் கிடையாது. பயமான நாளில் ஜெபிக்க நமக்குக் கொடுக்கப்பட்ட வழி அது. அந்த நாளில் கைக்குக் கிடைக்க வேண்டுமென்றால் முன்னாலேயே எழுதிவைத்திருக்க வேண்டும்.

மும்பைத் தமிழ்க் கிறிஸ்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும், ஊர்க்காரர் ஒருவரின் விலாசம் எழுதிய துண்டுச்சீட்டுமாக தாதர் ஸ்டேஷனிலோ வி.டி. ஸ்டேஷனிலோ ரயிலைவிட்டு இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் நம் சபைகளில் பாதிப் பேர். கோலும் கையுமாய் என்ற வார்த்தை நம் தாத்தாக்களுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் அந்தக் கதை வீட்டில் எங்கேயாவது எழுதி இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை.

ஏன் மறந்துபோகிறோம்

வேதம் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறது. மாற்கு 8-ம் அதிகாரத்தில் சீஷர்கள் படகில் போகிறார்கள். கையில் ஒரே ஒரு அப்பம். அப்பம் இல்லையே என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். இயேசு அவர்களிடம் கணக்குக் கேட்கிறார்: ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்டபோது எத்தனை கூடை நிறைய எடுத்தீர்கள்? பன்னிரண்டு. நாலாயிரம் பேருக்குப் பங்கிட்டபோது? ஏழு. எண்ணிக்கை சரியாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணிக்கை இன்றைய ஒரு அப்பத்தோடு சேரவில்லை. நம்முடைய மறதியும் பல நேரம் இந்த வகைதான். நடந்தது தெரியும், அது இன்றைய கவலையைத் தொடுவதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. எண்ணாகமம் 11-ல் ஜனங்கள் எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். சாட்டையடியும் செங்கல் சூளையும் அந்த நினைவில் இல்லை. ஆக, நினைப்பது எல்லாமே நல்லதாகிவிடாது. இஷ்டத்துக்குப் பொறுக்கி எடுத்த நினைவு நம்மை முணுமுணுப்பிலும் கொண்டுபோய் விடும்.

இதற்கு மேல் மும்பைக்கென்று ஒரு காரணம் இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு 11 மாத அக்ரிமென்ட். முடிந்ததும் வாடகை ஏறும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். சயானிலிருந்து பாண்டுப், பாண்டுப்பிலிருந்து டோம்பிவிலி என்று ஒவ்வொரு முறை மாறும்போதும் பழைய டைரி, பழைய கடிதம், ஆச்சி அடிக்கோடு போட்டுப் படித்த வேதாகமம் என ஏதாவது ஒன்று காணாமல் போகிறது. அண்டைவீட்டுக்காரரும் மாறிவிடுவதால், "அன்னைக்கு நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும்" என்று சொல்லவும் ஆள் இருப்பதில்லை.

அதே சமயம் சில காகிதங்களை உயிரைப் போல வைத்திருக்கிறோம். தாராவியில் மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு வந்தபோது எத்தனை வீடுகளில் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார்கள்! 2000 ஜனவரி 1-க்கு முன்பே இங்கே இருந்தோம் என்று காட்டினால்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு என்பதால், மங்கிப்போன லைட் பில்லும் ரேஷன் கார்டும் தங்கமாகிவிட்டன. குடியிருந்ததற்கே இத்தனை அத்தாட்சி சேர்த்துவைக்கிற நாம், அந்த வீட்டில் நம்மைக் காப்பாற்றியவருடைய செயல்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகமாவது வைக்கலாமே.

முதல் படி: வருஷத்தை விடுங்கள், வீட்டைப் பிடியுங்கள்

"உங்கள் வாழ்க்கையில் தேவன் செய்த நன்மைகளை எழுதுங்கள்" என்றால் பேனா நகராது. சுகம், பெலன், வேலை, பிள்ளைகள் என்று நாலு வார்த்தையில் முடிந்துவிடும். ஆண்டு வாரியாக எழுதப் பார்த்தாலும் 1994-ல் என்ன நடந்தது, 1996-ல் என்ன நடந்தது என்று குழம்பும்.

நம் ஆட்களின் ஞாபகம் வீட்டு வாரியாகத்தான் இருக்கிறது. "அது 90 அடி ரோட்டு ரூம்ல இருந்தப்போ", "அண்டாப்ஹில் சால்ல தண்ணிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிப்போமே, அப்போ" என்றுதான் பேச்சு வரும். ஆகவே ஒரு 200 பக்க நோட்டு வாங்கி, குடும்பம் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் சில பக்கங்கள் ஒதுக்குங்கள். முதல் வீடு அப்பாவோ தாத்தாவோ வந்து தங்கிய இடம். ஊர்க்காரர்கள் சேர்ந்து எடுத்த ஒற்றை அறையில் பத்துப் பேரோடு படுத்ததாக இருக்கலாம், தோல் பதனிடும் பட்டறையின் மாடியாக இருக்கலாம். அதிலிருந்து தொடங்குங்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். அந்த வீடு எப்படிக் கிடைத்தது? டெபாசிட் பணம் யார் கொடுத்தார்கள்? அங்கே எதற்குப் பயந்தோம்? எதற்காக முழங்கால் போட்டோம்? யார் சோறு போட்டார்கள்? அந்த வீட்டில் யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள்? எப்படி அங்கிருந்து வெளியே வந்தோம்?

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் எழுதுவதற்கு முன் அவர்களிடம் உட்காருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு அசத்தாதீர்கள். ஒரு ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு வீட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள். போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நகரம் முழுவதற்கும் தெரிந்த நாட்களிலிருந்து ஆரம்பித்தால் பேச்சு தானாக வரும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அன்று ராத்திரி நம் வீட்டில் ஒவ்வொருவரும் எங்கே இருந்தார்கள்? தண்டவாளத்தில் நடந்தே வந்தவர் யார்? யாருடைய வீட்டு மாடியில் ஒதுங்கினார்கள்? 1960-களின் கடைசியில் மதராசிகள் ஊருக்குப் போங்கள் என்று தெருவில் கூச்சல் போட்ட காலத்தில் தாத்தாவின் பெட்டிக்கடைக்கு என்ன ஆனது? 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்து இட்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போக முடியாமல் போனபோது அரிசி எங்கிருந்து வந்தது?

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது பல பெரியவர்கள் சற்று நிறுத்தி யோசிப்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

இரண்டாம் படி: நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்

சாட்சி சொல்லிப் பழகிய நமக்கு ஒரு நடை வந்துவிட்டது. எல்லாமே அற்புதமாக முடியும். ஒவ்வொரு சிறு நிகழ்ச்சிக்கும் ஒரு பெரிய முடிவு வேண்டும். நோட்டில் அப்படி எழுத வேண்டாம். இது சபைக்கு முன் நிற்கிற மேடை இல்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு கஷ்டமான ராத்திரியில் நீங்களே திறந்து படிக்கப்போகிற பக்கம். கூட்டிச் சொன்ன வரி எது என்று உங்களுக்கே தெரியும். அந்த ஒரு வரி பக்கத்தில் உள்ள உண்மையான வரிகளையும் சந்தேகப்பட வைக்கும்.

நாலு விஷயம் இருந்தால் போதும்: என்ன தேவை இருந்தது, என்ன ஜெபித்தோம், என்ன நடந்தது, யார் மூலம் நடந்தது. உதாரணத்துக்கு ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "முலுண்ட் வீடு. ஜூன் மாசம். பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட 8,000 ரூபாய் குறைந்தது. இரண்டு வாரம் குடும்ப ஜெபத்தில் வைத்தோம். பணம் முழுசாக வரவில்லை. பக்கத்து வீட்டு மராத்தி ஆஜி (பாட்டி) 3,000 கொடுத்தார். பள்ளியில் கேட்டதில் மீதியை மூன்று தவணையாகக் கட்டச் சொன்னார்கள். தீபாவளிக்குள் கட்டி முடித்தோம்." இவ்வளவுதான். இதில் வானம் திறக்கவில்லை. ஆனால் பிள்ளை பள்ளிக்கூடம் போனது.

உபாகமம் 8-ம் அதிகாரம் இந்த மாதிரிப் பதிவுக்கு நல்ல முன்மாதிரி. நாற்பது வருஷம் நடத்திவந்த எல்லா வழியையும் நினைப்பாயாக என்று சொல்லிவிட்டு மோசே எதைச் சொல்லுகிறான் பாருங்கள்: பசி, மன்னா, பிறகு "உன்மேலிருந்த வஸ்திரம் பழையதாய்ப் போகவும் இல்லை, உன் கால் வீங்கவும் இல்லை." செங்கடல் பிளந்ததைச் சொன்ன அதே வாய் கால் வீங்காததையும் சொல்கிறது. நம் நோட்டிலும் இரண்டாவது வகைதான் அதிகம் இருக்கும், இருக்க வேண்டும். விரார் ஃபாஸ்ட் லோக்கல் வண்டியில் இத்தனை வருஷம் தொங்கிக்கொண்டு போய்வந்து கால் கையோடு வீடு சேர்ந்ததை யாராவது சாட்சியாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எழுதுங்கள்.

"யார் மூலம்" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். கர்த்தர் செய்தார் என்று எழுதிவிட்டு மனிதர்களை அழித்துவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. எலியாவுக்கு அப்பம் கொடுத்த சாறிபாத் விதவை புறஜாதிப் பெண். அவளை வேதம் மறைக்கவில்லை, இயேசுவே லூக்கா 4-ல் அவளை எடுத்துச் சொல்கிறார். வேலை வாங்கிக்கொடுத்த முஸ்லிம் மேஸ்திரி, பிரசவத்துக்கு ராத்திரியில் ஆட்டோ ஓட்டிவந்த உத்தரப்பிரதேசத்துக்காரர், கடன் நோட்டில் பெயரை எழுதாமலே பருப்பு கொடுத்த மளிகைக்கடை அண்ணாச்சி, எல்லாரும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: பதில் வராத ஜெபங்களுக்கும் பக்கம் விடுங்கள்

இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஆசீர்வாதங்களை மட்டும் எழுதின நோட்டு ஒரு மரண வீட்டில் செல்லாது.

அப்போஸ்தலர் 12-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏரோது யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினால் கொலைசெய்கிறான். அதே ஏரோது பேதுருவைச் சிறையில் போடுகிறான். தூதன் வந்து சங்கிலி கழன்று, இரும்புக்கதவு தானாகத் திறந்து பேதுரு வெளியே வருகிறான். இரண்டும் ஒரே அதிகாரம். இரண்டு பேரும் இயேசுவுக்கு மிக நெருக்கமானவர்கள். யாக்கோபின் வீட்டார் பேதுருவின் சாட்சியை எப்படிக் கேட்டிருப்பார்கள்? வேதம் அதற்கு விளக்கம் எதுவும் தரவில்லை. ஆனால் யாக்கோபின் மரணத்தை மறைக்கவும் இல்லை, பேதுருவின் விடுதலைக்கு முன்னால் அதை எழுதிவைத்திருக்கிறது.

2006 ஜூலை 11 மாலை மேற்கு ரயில்வேயின் லோக்கல் வண்டிகளில் குண்டுகள் வெடித்தன. அன்று அந்த வண்டியைத் தவறவிட்டுப் பிழைத்தவர்கள் நன்றி சொல்வது நியாயம். ஆனால் அந்த வண்டியைப் பிடித்துப் போய் வராதவரின் மனைவி அதே சபையில் உட்கார்ந்திருக்கலாம். "கர்த்தர் தம்முடைய பிள்ளைகளைக் காப்பாற்றினார்" என்று மைக்கில் சொல்வதற்கு முன் அந்த அக்காவை நினைக்க வேண்டும். நன்றியை அடக்கச் சொல்லவில்லை. என்னைக் காத்தார், ஏன் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது முழு உண்மை, யாரையும் குத்தாது.

எனவே நோட்டின் பின்பக்கத்திலிருந்து சில தாள்களை ஒதுக்கி, கேட்டும் கிடைக்காதவைகளை எழுதுங்கள். குணமாகாத அம்மா. தங்காத கரு. திரும்பி வராத பணம். சபையை விட்டுப் போன மகன். தேதி போடுங்கள். இதற்குப் பக்கத்தில் சமாதானப்படுத்தும் வசனம் எதுவும் எழுத வேண்டாம். சங்கீதம் 77-ல் ஆசாப் அப்படித்தான் பேசுகிறான்: "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?" இரவெல்லாம் கை விரித்தும் அவன் ஆத்துமா ஆறுதலடையவில்லை. தேவனை நினைத்தபோது அலறினேன் என்கிறான். அதாவது முதலில் நினைவே அவனுக்கு வலித்தது. அப்புறம்தான் "கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன்" என்று திரும்புகிறான். அந்தத் திருப்பத்துக்கு எவ்வளவு நாள் ஆனதென்று சங்கீதம் சொல்லவில்லை.

துக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் போய், பெற்ற நன்மைகளை எண்ணிப்பார் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நினைவுகூருதல் ஒருவர் தானாக எடுக்க வேண்டியது. அடுத்தவர் தலையில் வைத்தால் பாரமாகிவிடும். அவர்களுக்காக நீங்கள் நினைவில் வைத்திருங்கள், அது போதும்.

நான்காம் படி: செய்ததிலிருந்து செய்தவரிடம் போங்கள்

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அப்போது செய்தார், அதனால் இப்போதும் அதே மாதிரி செய்தே ஆக வேண்டும் என்று முடிவுகட்டிக்கொள்வது நம்பிக்கை மாதிரித் தெரியும். ஆனால் அப்படி நம்பும்போது நாம் சாய்ந்திருப்பது தேவன்மேல் இல்லை, பழைய சம்பவத்தின்மேல்.

"இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்று சாமுவேல் கல் நிறுத்திய 1 சாமுவேல் 7:12 நமக்கெல்லாம் மனப்பாடம். அந்தக் கல்லுக்கு அவர் வைத்த எபெனேசர் என்ற பெயரை வீட்டுக் கதவில் பலகையாக வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் அதே புத்தகத்தின் 4-ம் அதிகாரத்தைப் பலர் சேர்த்துப் படிப்பதில்லை. அங்கேயும் இஸ்ரவேலர் எபெனேசர் கிட்டத்தான் பாளயம் இறங்குகிறார்கள். பெலிஸ்தரிடம் தோற்கிறார்கள். உடனே சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிவருகிறார்கள். யோர்தானைப் பிளந்த பெட்டி, எரிகோவைச் சுற்றிவந்த பெட்டி, இதுவும் நம்மைக் காப்பாற்றும் என்று ஆர்ப்பரிக்கிறார்கள். மறுபடியும் தோற்கிறார்கள், பெட்டியே பிடிபட்டுப்போகிறது. பழைய வெற்றியின் சின்னம் அவர்கள் கையில் இருந்தது, மனந்திரும்புதல் இல்லை. 7-ம் அதிகாரத்தில் அவர்கள் அந்நிய தேவர்களை விலக்கி, உபவாசித்து, பாவத்தை அறிக்கையிட்ட பிறகுதான் அந்தக் கல் நிற்கிறது.

மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கும் இதே கதி. ஒரு காலத்தில் அதைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பல தலைமுறைக்குப் பிறகு அதற்கே தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் என்று 2 இராஜாக்கள் 18-ல் இருக்கிறது. நம் நோட்டும் ஒரு நாள் அப்படி ஆகிவிடலாம். பழைய சபை, பழைய ஊழியர், பழைய எழுப்புதல் என்று அங்கேயே நின்றுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம்.

ஆகவே ஒவ்வொரு வீட்டுப் பதிவின் கீழும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: இதில் கர்த்தர் எப்படிப்பட்டவராகத் தெரிந்தார்? பொறுமையுள்ளவராகவா, தாமதித்தாலும் கைவிடாதவராகவா, நான் கேட்டதை மறுத்து வேறொன்று கொடுத்தவராகவா? எரேமியா புலம்பல் 3-ல் எருசலேம் எரிந்த சாம்பலில் உட்கார்ந்து அழுகிறவர் பிடித்துக்கொள்வது இதைத்தான். அவர் கையில் அப்போது சொல்லிக்காட்ட ஒரு புதிய ஆசீர்வாதம்கூட இல்லை. "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்கிறார்.

நம் சொந்தக் கதையில் பக்கங்கள் குறைவாக இருந்தாலும் பயப்படத் தேவையில்லை. போன மாதம்தான் விசுவாசத்துக்கு வந்த ஒரு தம்பிக்கு இருபது வருஷ நோட்டு கிடையாது. அவனுக்கும் எனக்கும் பொதுவான ஒரு பதிவு இருக்கிறது. "தம்முடைய சொந்தக்குமாரனென்றும் பாராமல் நம்மெல்லாருக்காகவும் அவரை ஒப்புக்கொடுத்தவர்" என்று ரோமர் 8:32 சொல்கிறதே, இயேசு சிலுவையில் மரித்த அந்த வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டுக் கடன் அடைந்ததும் அடையாததும் அதற்குப் பிறகுதான். மாதந்தோறும் திருவிருந்தில் அப்பத்தைக் கையில் வாங்கும்போது நாம் நினைவுகூரச் சொல்லப்பட்டிருப்பது அதையே. மற்ற எல்லா நினைவும் இதில் சேர்ந்தால்தான் நிலைக்கும்.

ஐந்தாம் படி: பயமான ராத்திரியில் என்ன செய்வது

வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், ரிப்போர்ட்டில் ஏதோ இருக்கிறது என்று டாக்டர் சொன்னார், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். தூக்கம் வரவில்லை. அப்போது இந்த வரிசையில் செய்துபாருங்கள்.

முதலில் சங்கீதம் 77-ஐச் சத்தமாக வாசியுங்கள். பக்கத்தில் பிள்ளைகள் தூங்கினால் உதடு அசைந்தால் போதும். இருபது வசனம், மூன்று நிமிஷம் ஆகும். பிறகு நோட்டைத் திறந்து ஒரே ஒரு பதிவைப் படியுங்கள். முழு நோட்டையும் புரட்ட வேண்டாம், மனம் ஓடத் தொடங்கிவிடும். இன்றைய பயத்துக்குக் கிட்ட வருகிற ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். கோலியாத்தோடு மோதப் போகும் முன் தாவீது சவுலிடம் சிங்கத்தையும் கரடியையும்தான் சொன்னான், தன் வாழ்க்கை முழுவதையும் சொல்லவில்லை.

அடுத்து, இன்றைய பயத்தைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். தொகை இருந்தால் தொகையைச் சொல்லுங்கள், தேதி இருந்தால் தேதியைச் சொல்லுங்கள். "எல்லாவற்றையும் நீரே பார்த்துக்கொள்ளும்" என்று பொதுவாக முடித்துவிடாதீர்கள். யாக்கோபு ஏசாவின் பெயரைச் சொல்லித்தான் ஜெபித்தான், தாயையும் பிள்ளைகளையும் வெட்டுவானோ என்பதுவரை சொன்னான். பிறகு தேவன் கொடுத்த வாக்கைத் திரும்ப அவரிடமே எடுத்துச் சொன்னான்.

அப்புறம் எழுந்து செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். ஜெபித்த அதே இரவு யாக்கோபு 200 வெள்ளாடுகளும் 20 கடாக்களும் மற்ற மிருகங்களுமாக அண்ணனுக்கு வெகுமதி பிரித்து வைத்தான். பாங்குக்குப் போன் போடுவது, இன்னொரு டாக்டரிடம் காட்டுவது, சபை ஐயரிடம் (போதகரிடம்) சொல்வது எல்லாம் அவிசுவாசம் இல்லை. தூக்கமின்மையும் பாரமும் வாரக்கணக்கில் போனால் மனநல மருத்துவரிடம் போங்கள். சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று படுத்த எலியாவுக்குத் தேவன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும் தூக்கமும்.

அந்த இரவுக்கும் ஒரு தேதி போட்டு நோட்டில் எழுதிவிடுங்கள். முடிவு தெரியாது, இடத்தைக் காலியாக விடுங்கள்.

ஆறாம் படி: பிள்ளைகளிடம் கொடுப்பது

யோசுவா 4-ல் பன்னிரண்டு பேர் யோர்தானின் நடுவிலிருந்து ஆளுக்கொரு கல்லைத் தோளில் சுமந்துவருகிறார்கள். நாளைக்குப் பிள்ளைகள் "இந்தக் கற்கள் ஏதென்று" கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்பது ஏற்பாடு. பிள்ளைகள் கேட்க வேண்டுமானால் அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். தாத்தாவின் டிரங்குப் பெட்டி, பழைய ரயில்வே பாஸ், முதல் இட்லித் தட்டு, எதுவாக இருந்தாலும் பரணில் போடாமல் ஹாலில் ஒரு மூலையில் வையுங்கள். 300 சதுர அடி வீட்டில் இடம் ஏது என்பீர்கள். ஒரு பாஸ் வைக்க எவ்வளவு இடம் வேண்டும்?

நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் இந்தி, மராத்தி. தமிழில் எழுதின நோட்டு அவர்கள் கைக்குப் போனால் பூட்டின பெட்டிதான். அதற்காகத் தமிழை விட வேண்டியதில்லை. ஆச்சி சொல்லச் சொல்ல, பேத்தி தனக்குத் தெரிந்த எழுத்தில் எதிர்ப்பக்கத்தில் எழுதட்டும். குரல் பதிவுகளைக் குடும்ப வாட்சாப் குழுவில் மட்டும் விட்டுவைக்காதீர்கள், போன் மாறினால் போய்விடும். ஒரு பென் டிரைவிலும் போட்டுவையுங்கள். நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல் அலமாரியில் வையுங்கள். மழைக்காலத்தில் தரைத்தள வீடுகளில் எது முதலில் நனையும் என்று உங்களுக்குத் தெரியும்.

குடும்ப ஜெபத்துக்கு சங்கீதம் 136 அருமையான மாதிரி. 26 வசனம், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடியும். ஒருவர் நோட்டிலிருந்து ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் அந்தப் பதிலைச் சொல்லலாம். "அண்டாப்ஹில்லில் தண்ணீர் கொடுத்தவரை", "அப்பாவுக்கு மறுபடி வேலை கொடுத்தவரை". சின்னப் பிள்ளைகள் இதில் சீக்கிரம் சேர்ந்துகொள்வார்கள், தங்கள் வரியையும் சொல்வார்கள். கணக்குப் பரீட்சையில் பாஸானதைச் சொன்னால் சிரிக்காதீர்கள்.

புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கிற வாக்குத்தத்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஜோசியச் சீட்டு ஆகிவிடக்கூடாது. அந்த வசனம் யாருக்கு, எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டதென்று முழு அதிகாரத்தையும் வாசியுங்கள். டிசம்பர் 31 இரவு ஆலயத்துக்குக் கிளம்பும் முன், அட்டையின் பின்பக்கத்தில் அந்த வருஷம் நடந்ததை ஐந்து வரியில் எழுதி நோட்டில் ஒட்டுங்கள். கஷ்டமான வருஷமாக இருந்தால் கஷ்டம் என்றே எழுதுங்கள்.

ஏழாம் படி: நினைவு கையை விரிக்கட்டும்

உபாகமம் 24-ல் ஒரு கட்டளை உண்டு. அறுப்பில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, ஒலிவ மரத்தை இரண்டாம் முறை உதிர்க்காதே, திராட்சைத் தோட்டத்தில் மிச்சத்தைப் பறிக்காதே. அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் இருக்கட்டும். காரணம், நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினைப்பாயாக. அங்கே நினைவு நேராகக் கையில் வந்து முடிகிறது.

நோட்டில் "யார் மூலம்" என்று எழுதினீர்கள் அல்லவா, அந்தப் பெயர்களைத் தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்களைப் போய்ப் பாருங்கள் அல்லது போன் செய்யுங்கள். வாங்கிய கடன் பாக்கி இருந்தால் கொடுங்கள். இறந்துபோனவர்களின் பிள்ளைகளிடம் "உங்க அப்பா எங்களுக்கு இதைச் செய்தார்" என்று சொல்லுங்கள். பல பிள்ளைகளுக்கு அது தெரிந்தே இருக்காது. அந்த மராத்தி ஆஜிக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம் போகட்டும், ஏன் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

பிறகு சபையில் கேளுங்கள், இந்த மாதம் ஊரிலிருந்து யார் புதிதாக வந்திருக்கிறார்கள் என்று. ஒரு நர்ஸ் பெண்ணோ, கம்பெனியில் சேர்ந்த பையனோ, ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ஊரிலிருந்து வந்து தங்க இடம் தேடுகிற ஒரு குடும்பமோ இருக்கும். பரேல் பக்கம் நடைபாதையில் படுத்துக்கொண்டு சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. உங்கள் முதல் வீட்டுப் பக்கத்தைத் திறந்து, அன்று நமக்கு என்ன தேவைப்பட்டது என்று பாருங்கள். இரண்டு நாள் படுக்க இடமா, இந்தியில் பேச ஒரு ஆளா, டப்பாவில் சோறா? அதையே அவர்களுக்குக் கொண்டுபோங்கள். போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், நோட்டில் அடுத்த பக்கத்தை அவர்கள் எழுதட்டும்.